ஒன்று புள்ளி மூன்று

அந்த மருத்துவமனையில் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் வாயிற்காவலருக்குக்கூடத் தெரியாது. 'சதவீதம் சார்' என்று கேட்டால் போதும், இரண்டாவது மாடி, படி ஏறியதும் இடப்பக்கம் என்று கை காட்டிவிடுவார்.

இருபத்தாறு வயதில் ஆவண அறையில் எழுத்தராகச் சேர்ந்தவர். நோயாளிகளின் கோப்புகளை எண்வரிசைப்படி அடுக்குவதும் கேட்டால் எடுத்துக் கொடுப்பதும்தான் வேலை. அதே அறையில் மற்றவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்கி வழிய, இவர் எண்ணிக்கொண்டிருந்தார். எத்தனை கோப்பு வெளியே போகிறது, எத்தனை திரும்பி வருகிறது, யார் வாங்கிக்கொண்டு போனால் வராது. ஒருநாள் அப்போதைய நிர்வாகி வந்து, கோப்புகள் தொலைகின்றன என்று குதித்தபோது இவர் எழுந்து நின்று, "நூத்துக்கு நாலு சார். நாலுல மூணு ஒரே டாக்டரோட கார்ல இருக்கு" என்றார். காரைத் திறந்து பார்த்தார்கள். பின் இருக்கையில் குழந்தையின் பள்ளிப் பைக்குக் கீழே இருந்தன. அன்றைக்கு ஒட்டிக்கொண்டது அந்தப் பெயர். அவருக்கு அதில் வருத்தம் இல்லை, உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட.

எண்களிடம் அவருக்கு இருந்தது பக்தி என்று சொல்ல முடியாது, நன்றி என்று சொல்லலாம். சிபாரிசு செய்ய ஆளில்லாத குடும்பத்தில் பிறந்தவர். முகம் பார்த்துப் பேசுகிற உலகத்தில் எண் முகம் பார்க்காது என்று நம்பினார். நம்பிக்கை தவறில்லை. எண் முகம் பார்க்காதுதான், ஆனால் எதை எண்ணுவது என்று முடிவு செய்கிறவன் பார்ப்பான் என்பதை மட்டும் அவர் யோசித்ததில்லை. தனக்குச் சாதகமாக இருக்கும் ஒரு உண்மையை மனிதன் பாதியோடு நிறுத்திக்கொள்வது வழக்கம்.

வீட்டிலும் அதே பேச்சு. தையல் கடை வைத்திருந்த அவர் மனைவி, "உப்பு எப்படி இருக்கு?" என்று கேட்டால், "ஒரு அஞ்சு சதவீதம் கூட" என்பார். "மிச்சம் தொண்ணூத்தஞ்சு நல்லாருக்குன்னு வாயத் திறந்து சொன்னா என்னவாம்?" என்பாள் அவள்.

அவருக்கு ஐம்பத்தொரு வயதானபோது புதிய நிர்வாகி வந்தார். இளவயதுக்காரர், வேகமாக நடப்பவர். வந்த மூன்றாம் மாதம் ஒரு திட்டம் கொண்டுவந்தார். மருத்துவமனையின் பதினேழு பிரிவுகளும் தகவல்களை எவ்வளவு மதிக்கின்றன, அன்றாட வேலையில் எவ்வளவு பயன்படுத்துகின்றன என்று முதலில் அளப்பது, பிறகு பின்தங்கியவர்களை மேம்படுத்துவது. 'தரவுப் பண்பாடு' என்று அதற்குப் பெயர். அதற்கு அலுவலர் யார் என்று தேடவேண்டிய அவசியமே இருக்கவில்லை. சதவீதம் சாருக்குத் தனி அறை, கதவில் பெயர்ப்பலகை. இருபத்தைந்து வருடத்தில் முதல்தடவையாக அவருடைய சொந்தப் பெயர் ஒரு சுவரில் ஏறியது. மனைவியைக் கூட்டிவந்து காட்டினார். "எழுத்து நல்லாத்தான் இருக்கு. ஆனா ஆள் மாறிட்டாங்கன்னு நினைச்சுடப்போறாங்க" என்றாள் அவள்.

இருபது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண். கணக்குப் பிரிவில் எட்டுப் பேரும் நான்கே நிமிடத்தில் எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டுப் படிவத்தை நீட்டினார்கள். படித்தார்களா என்ற சந்தேகம் அவருக்கு வந்தது. சந்தேகத்தைக் குறிக்கப் படிவத்தில் இடம் இல்லை. மருந்தகத் தலைவர், "கணக்குப் பிரிவு எவ்வளவு போட்டாங்க?" என்று விசாரித்துவிட்டுத்தான் பேனாவைத் திறந்தார். பொருள் கிடங்கில், 'பதிவேடுகளைப் பார்த்தே முடிவெடுக்கிறோம்' என்ற வரிக்கு அழுத்தமாக ஐந்து விழுந்தது.

கடைசியாக மிஞ்சியது அடித்தளத்தில் இருந்த சலவைக் கூடம். ஒப்பந்தத்தில் வேலை செய்யும் ஐந்து பெண்கள். மாடியிலிருந்து வரும் அழுக்கு விரிப்பு மூட்டைகளை அவிழ்த்து, நீளமான ஒரு தகர மேசையில் போட்டுப் பிரித்து, இயந்திரத்தில் ஏற்றுவார்கள். அவர்களில் மூத்தவளை எல்லோரும் பெரியக்கா என்பார்கள். நாற்பத்தைந்து வயதிருக்கும், பன்னிரண்டு வருட வேலை. அவளுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் சதவீதம் சாரே கீழே போய்க் கேள்விகளை வாசித்தார். இயந்திரங்களின் இரைச்சலில் கத்தித்தான் கேட்கவேண்டியிருந்தது.

"முடிவெடுக்கறதுக்கு முன்னாடி அறிக்கைகளைப் பார்க்கிறீங்களாக்கா?"

"எனக்கு யாரு சார் அறிக்கை குடுக்குறா? எனக்கு வர்றது மூட்டைதான்."

ஒன்று என்று குறித்துக்கொண்டார்.

"பதிவேட்டுல இருக்கிற விவரங்களை நம்புறீங்களா?"

"இல்ல."

"கொஞ்சமாவது?"

"துளிகூட இல்ல சார்." பெரியக்கா கையை உதறிக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள். "விரிப்புல ஊசி கிடந்து வரும். ஊசி போட்டவங்க குப்பையில போடாம அப்படியே சுருட்டி அனுப்பிடுவாங்க. அத ஊசிப் பதிவேட்டுல எழுதணும்பாங்க. எழுதினா எங்களத்தான் மாடிக்குக் கூப்பிட்டு, நீ ஏன் பார்க்கல, நீ ஏன் தொட்டேன்னு அரைநாள் நிக்க வைப்பாங்க. அரைநாள் கூலி போச்சு. அதனால யாரும் எழுதறதில்ல. எழுதாத புத்தகத்த எப்படி நம்பச் சொல்றீங்க?"

இரண்டாவது ஒன்று.

"தடி கையுறை இன்னும் நாலு ஜோடி குடுங்கன்னு கிடங்குல கேட்டேன்," என்று அவள் விடாமல் சொன்னாள். "அஞ்சு பேருக்கும் சேர்த்து தோல் கையுறை ஒரே ஜோடி. மத்ததெல்லாம் ரப்பரு, ஊசி வெண்ணெயில இறங்கற மாதிரி இறங்கும். அதுக்கு அவரு பதிவேட்டப் பார்த்துட்டு, ரெண்டு வருஷமா ஒரு ஊசிகூட வரலையே, எதுக்கு கையுறைங்கறாரு."

உள்ளே இருந்த இன்னொருத்தி, "அவரு ரொம்பப் படிச்சவரு, அக்கா!" என்று குரல் கொடுக்க எல்லோரும் சிரித்தார்கள். சதவீதம் சாரும் மரியாதைக்குச் சிரித்தார். அடுத்த கேள்வி: தினசரி வேலையில் தரவுகளைப் பயன்படுத்துகிறீர்களா?

"அதெல்லாம் தெரியாது சார். நாங்க பாட்டுக்குச் செவுத்துல..." என்று பெரியக்கா மேசைக்குப் பின்னால் இருந்த சுவரைக் காட்டினாள். கரியிலும் பென்சிலிலும் ஏதேதோ கோடுகள், படங்கள்.

அவருக்கு இன்னும் பதினேழு கேள்விகள் பாக்கி. மூன்று மணிக்குள் எண்களை மாடியில் கொடுக்கவேண்டும். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அது கேள்வியில இல்லக்கா," என்றார். "இருக்குன்னு சொல்லுங்க, இல்லன்னு சொல்லுங்க."

"அப்ப இல்ல," என்றாள் பெரியக்கா.

சலவைக் கூடத்துக்கு ஒன்று புள்ளி மூன்று வந்தது. பதினேழில் பதினேழாவது. வண்ணப் படத்தில் மற்ற பிரிவுகள் பச்சையிலும் மஞ்சளிலும் இருக்க, அது மட்டும் அடியில் சிவப்பாக நின்றது. நிர்வாகி அந்தச் சிவப்பைப் பார்த்து உண்மையிலேயே மகிழ்ந்தார். மேம்படுத்த ஒன்று கிடைத்துவிட்டதே!

மேம்பாட்டுக்கு என்ன செய்வது என்பது சதவீதம் சாரின் பொறுப்பு. கூடத்தின் சுவருக்கு வெளிர்பச்சை வண்ணம். 'எண்களை மதிப்போம்' என்று ஒரு பலகை. சுவரில் எழுதக் கூடாது என்று இன்னொரு பலகை. ஊசி கிடைத்தால் பதிய ஒரு கைக்கணினி. வாரம் ஒருமுறை ஒரு மணிநேர வகுப்பு. கைக்கணினியைத் திறந்ததும் பணியாளர் எண் கேட்டது. ஒப்பந்தப் பெண்களுக்குப் பணியாளர் எண் கிடையாது. எண் வரும்வரை பத்திரமாக இருக்கட்டும் என்று மேற்பார்வையாளர் அதை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டார்.

வண்ணம் பூசியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கூடம் மூடியிருக்கும் நாள். சதவீதம் சார் கூடவே நின்றார். பெயிண்டர் உருளையை நனைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் போனவர் நின்றார்.

"சார், இங்க என்னமோ கோடு கோடா போட்டு வச்சிருக்காங்க. வரிசையா இருக்கு. அடிச்சுடலாமா?"

"அடிங்க," என்றார் சதவீதம் சார்.

ஒரே வார்த்தைதான். ஆனால் அவருடைய வாழ்க்கையைப் பற்றி எழுதவேண்டும் என்றால் இருபத்தைந்து வருட வேலையைவிட இந்த ஒரு வார்த்தையைப் பற்றித்தான் அதிகம் எழுதவேண்டியிருக்கிறது.

ஐந்து வாரம் கழித்துப் பெரியக்காவின் உள்ளங்கையில் ஊசி ஏறியது. ஆண்கள் பிரிவிலிருந்து வந்த மூட்டை. ரப்பர் கையுறையைத் துளைத்துக்கொண்டு ஆழமாக இறங்கியிருந்தது. யாருடைய ரத்தம் பட்ட ஊசி என்று தெரியாது. அவளுக்கு அன்றைக்கே ரத்தம் எடுத்தார்கள், ஒரு மாதம் மாத்திரை என்றார்கள், ஆறாம் வாரமும் மூன்றாம் மாதமும் மறுபடி சோதனை என்றார்கள்.

விசாரணைக் குழுவில் மூன்று பேர். நிர்வாகி, செவிலியர் கண்காணிப்பாளர் அம்மா, சதவீதம் சார். மாடிக் கூட்ட அறையில் குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. பெரியக்கா கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

"தோல் கையுறை இருந்ததா, இல்லையா?" என்று நிர்வாகி கேட்டார்.

"இருந்தது சார். அறுவைப் பிரிவு மூட்டை பிரிச்சவ போட்டிருந்தா. ஒரே ஜோடிதானே."

"ஊசிப் பதிவேட்டுல ரெண்டு வருஷமா ஒரு பதிவுகூட இல்ல. அப்படின்னா முதல்தடவையா ஒரு ஊசி வந்திருக்கு, அன்னிக்குப் பார்த்து நீங்க கவனமா இல்ல. அப்படித்தானே?"

"ஊசி எப்பவும் வரும் சார். எந்த மூட்டையில அதிகம் வரும்னு செவுத்துல குறிச்சு வச்சிருந்தோம். இந்த சாருகிட்டகூட அன்னிக்கே சொன்னேன்."

மூன்று முகங்களும் சதவீதம் சாரின் பக்கம் திரும்பின.

"என்ன சுவர்?" என்றார் நிர்வாகி.

அவருக்குத் தன் பெயர்ப்பலகை ஞாபகம் வந்தது என்று பின்னாளில் மனைவியிடம் சொன்னார். ஞாபகம் வர வேறு ஆயிரம் இருக்க, அதுதான் வந்தது.

"ஏதோ கிறுக்கல் இருந்தது சார்," என்றார். "இப்ப சுத்தம் பண்ணியாச்சு."

பெரியக்கா அவரைப் பார்த்தாள். கோபத்தோடு பார்த்திருந்தால் தாங்கியிருப்பார். அவள் பார்த்தது, விலை கேட்டுவிட்டு வாங்காமல் போகிற ஆளைக் கடைக்காரி பார்ப்பது போல இருந்தது.

அறிக்கை அரைப் பக்கம். தனிநபர் கவனக்குறைவு. தகவல்களை மதிக்கும் பழக்கம் அப்பிரிவில் மிகக் குறைவு என்பதற்குச் சான்றாக ஒன்று புள்ளி மூன்று இணைக்கப்பட்டிருந்தது. அவளை வேலையிலிருந்து எடுத்துவிடும்படி ஒப்பந்தக்காரருக்குப் பரிந்துரை. சதவீதம் சார் மூன்றாவதாகக் கையெழுத்துப் போட்டார். மூன்றாவதாகப் போடுகிறவனுக்கு, தனக்கு முன் இரண்டு பேர் போட்டுவிட்டார்கள் என்ற ஆறுதல் உண்டு. எல்லாக் காலத்திலும் எல்லா அலுவலகத்திலும் பெரிய அநியாயங்களை முடித்துவைப்பது அந்த மூன்றாவது கையெழுத்துதான்.

இரண்டு வாரம் அவர் அடித்தளத்துக்கு இறங்கும் படிகளின் பக்கமே போகவில்லை. பிறகு ஒரு ஞாயிறு மதியம், இயக்குநர்கள் கூட்டத்துக்காக வீட்டில் உட்கார்ந்து கணினியில் படக்காட்சி தயாரித்துக்கொண்டிருந்தார். 'முன் – பின்' என்று ஒரு பக்கம். பின்: வெளிர்பச்சைச் சுவர். முன்: வண்ணம் அடிப்பதற்கு முதல்நாள், அழுக்கு தெரியவேண்டும் என்று வெளிச்சம் போட்டு அவரே எடுத்த படம். மனைவி தைத்த சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"யாருங்க இவ்வளவு அழகா கணக்கு வச்சிருக்கறது?"

"கணக்கா? கிறுக்கல்டி அது."

"கிறுக்கலா! கண்ணாடியப் போட்டுட்டுப் பாருங்க. மேல வரிசையா படம். ஒவ்வொண்ணுக்கும் கீழ கோடு. அஞ்சாவது கோட்டக் குறுக்கால போட்டிருக்காங்க. துணி அளவுக்கு நான் சாக்பீஸ்ல போடறேனே, அது மாதிரிதான். இதப் போயி கிறுக்கல்ங்கறீங்க, உங்களுக்கு அந்தப் பேர வச்சவங்கள முதல்ல சொல்லணும்."

அவர் படத்தைப் பெரிதாக்கினார். மேலே ஆறு படங்கள். பந்து, கத்தரிக்கோல், ஊன்றுகோல், மீசை, சீப்பு, மணி. கீழே வாரத்துக்கு ஒரு வரிசை. எண்ணினார். ஐம்பத்தெட்டு வாரம், அறுபத்துநான்கு கோடுகள். மறுபடி எண்ணினார். அதே அறுபத்துநான்கு. பதிவேட்டில் பூஜ்யம்.

"இத நான்தான் அடிக்கச் சொன்னேன்," என்றார்.

மனைவி ஊசியைத் துணியில் செருகிவிட்டு அவரைப் பார்த்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். கேள்வியில் இல்லை என்று சொன்னதை, பெயிண்டரிடம் சொன்னதை, கூட்ட அறையில் சொன்னதை.

"அந்த அம்மா இப்ப என்ன பண்றாங்க?"

"தெரியாது."

"தெரியாதா?" அவள் ஊசியை மறுபடி எடுத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே முகவரி விசாரித்துப் பெரியக்காவின் வீட்டுக்குப் போனார். ஒரு பொதுக் குழாயைத் தாண்டி, வரிசையாக இருந்த ஒற்றை அறை வீடுகளில் நாலாவது. அவள் வாசலில் உட்கார்ந்து ஒற்றைக் கையால் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை.

"ஆறாம் வார சோதனை இன்னும் ரெண்டு வாரத்துல," என்றாள் அவர் கேட்பதற்கு முன்பே. "மாத்திரை சாப்பிட்டா வயித்தப் புரட்டுது. வேற என்ன?"

அவர் படத்தை நீட்டினார். "இது என்னன்னு சொல்லுங்கக்கா."

அவள் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நெருங்கிய உறவு ஒன்றின் பழைய படத்தைப் பார்ப்பது போல முகம் ஒருகணம் இளகியது, உடனே இறுகியது.

"இத அன்னிக்கே கேட்டிருக்கலாமே."

"கேட்டிருக்கணும்."

"மணின்னா அவசரப் பிரிவு. கத்தரி அறுவை. பந்து சின்னப் பசங்க. ஊன்றுகோல் எலும்பு முறிவு. மீசைன்னா ஆம்பளைங்க, சீப்புன்னா பொம்பளைங்க. படம் போட்டது நான்தான், எனக்குத்தான் எழுத்து வராதே. ஊசி கிடைச்சவங்க அந்தப் படத்துக்குக் கீழ ஒரு கோடு போடணும். காலையில வந்ததும் கடைசி நாலு வரிசையப் பார்ப்போம். எதுக்குக் கீழ கோடு அதிகமோ அந்த மூட்டை பிரிக்கிறவளுக்குத் தோல் கையுறை. சண்டையே கிடையாது. செவுரு சொன்னா சொன்னதுதான்."

"அன்னிக்கு எப்படி..."

"செவுரு இல்லாமப் போனப்புறம் பழைய ஞாபகத்துல கத்தரி மூட்டைக்கே கையுறை குடுத்துட்டு இருந்தோம். ஆம்பளைங்க பிரிவுல ஊசி போடப் புதுசா ஆளுங்க வந்தது எங்களுக்கு எப்படித் தெரியும்? எனக்குக் குத்தினதுக்கு முன்னாடி அங்கேர்ந்து மூணு ஊசி வந்திருக்கு சார். ஒண்ணு காலையில வர்றவ எடுத்தா, ஒண்ணு மதியம் வர்றவ, ஒண்ணு லீவுக்குப் பதிலா வந்தவ. ஆளுக்கு ஒண்ணு. ஒண்ணுதானேன்னு ஒவ்வொருத்தியும் தூக்கிப் போட்டுட்டா. மூணுன்னு யாருக்குமே தெரியாது. எனக்குக் குத்தினப்புறம் உட்கார்ந்து பேசினப்பதான் தெரிஞ்சது."

சதவீதம் சார் தலை குனிந்தார். தரவு என்றால் என்ன, அது எதற்கு என்று நாற்பது பக்கத்துக்குக் கையேடு தயாரித்திருந்தார் அவர். இந்த மூன்று ஊசியைப் போல ஒரு வரி அதில் இல்லை.

"மறுபடி உங்கள வேலைக்கு எடுக்கச் சொல்றேன்கா."

"சொல்லுங்க. வேலை வேணும். உங்கள நல்லவருன்னு நான் சொல்லணும்னு வந்திருந்தா அது இப்ப முடியாது." வெங்காயத்தைக் கிண்ணத்தில் போட்டாள். "செவுத்துக்கு யாரு பெயிண்ட் அடிக்கச் சொன்னா, எதுக்கு அடிச்சாங்க, அதையும் சேர்த்து எழுதுவீங்களா?"

"எழுதறேன்," என்றார். நான்தான் என்று சொல்லவேண்டிய இடம் அது. சொல்லவில்லை. எழுதும்போது தெரிந்துவிடப் போகிறதே என்று தனக்குத்தானே சமாதானம் செய்துகொண்டார்.

கிளம்பும்போது அவள், "அடுத்த தடவ கேள்வி கேக்க வந்தா எல்லாத்துக்கும் அஞ்சு போட்டுடுங்க சார். அஞ்சு போட்டவங்க யாரும் வேலைய விட்டுப் போகலையாம்," என்றாள்.

அவர் இரண்டு நாளில் அறிக்கை எழுதினார். கோடுகளை அட்டவணையாக்கினார். ஊசி அதிகம் வந்த பிரிவுகள், எந்த மாதத்திலிருந்து, அந்த மாதங்களில் அங்கே என்ன மாறியது. கடைசியில் ஒரு வரி: 'இக்குறிகளைப் பற்றிப் பணியாளர் கூற முற்பட்டும் நான் கேட்கவில்லை, என் உத்தரவின்பேரில்தான் இவை அழிக்கப்பட்டன.' அந்த வரியை எழுத மற்ற பக்கங்களைவிட அதிக நேரம் ஆயிற்று.

நிர்வாகி படித்தார். முகம் மலர்ந்தது. "பிரமாதம்! கடைசி இடத்துல இருந்த பிரிவுலேர்ந்து இப்படி ஒரு தரவு! நம்ம திட்டத்துக்கு இதைவிட என்ன வெற்றி வேணும்? ஒவ்வொரு பிரிவுலயும் ஊசிப் பெட்டி வைக்கலாம். கையுறை அஞ்சு ஜோடி இன்னிக்கே சொல்லிடறேன்."

"அந்த அம்மா வேலை..."

"நாளைக்கே வரட்டும். முதல் அறிக்கைய ரத்து பண்ணிடலாம்." அவர் பேனாவால் கடைசி வரியைத் தட்டினார். "இது மட்டும் வேணாம். இயக்குநர்கள் கூட்டத்துக்குப் போற காகிதம். திட்டத்த நடத்துறவரே தடயத்த அழிச்சார்னா, திட்டமே போச்சு. நீங்களும் போச்சு. பொதுவா ஒரு வரி போட்டுக்கலாம். அந்த அம்மாவுக்கு வேலைதானே வேணும்?"

கேள்வி நியாயமாகத்தான் ஒலித்தது. கோழைத்தனம் எப்போதும் அடுத்தவர் நன்மையின் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வரும். அவர் திருத்தினார், கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை காகிதத்தை எடுத்துக்கொண்டு அடித்தளத்துக்குப் போனார். பெரியக்கா வந்திருந்தாள். மற்ற நான்கு பேரும் அவளைச் சுற்றி நின்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புதுத் தோல் கையுறைகள் கட்டுப் பிரிக்காமல் மேசையில் கிடந்தன.

"படிங்க சார்," என்றாள் பெரியக்கா. "எல்லாரும் கேக்கட்டும்."

அவர் படித்தார். முதல் அறிக்கை ரத்து. கவனக்குறைவு இல்லை. அறுபத்துநான்கு ஊசிகள். ஒருத்தி விசில் அடித்தாள். "நம்ம அக்கா போட்ட மீசை டைரக்டர் வரைக்கும் போகுதுடி!" என்றாள் இன்னொருத்தி. சிரிப்பு அடங்கியதும் அவர் கடைசி வரியைப் படித்தார். முடிந்தவரை வேகமாகப் படித்தார்.

"'பராமரிப்புப் பிரிவினர் சுவருக்கு வண்ணம் பூசியபோது இக்குறிகள் மறைந்துவிட்டன. இவற்றின் பொருள் அப்போது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.'"

இயந்திரம் ஒன்று சுழன்று நின்றது.

"யாருக்கும் தெரியாதா?" என்றாள் பெரியக்கா. "அப்ப நாங்க அஞ்சு பேர் யாரு சார்?"

அவர் காகிதத்தை மடித்தார். "நான்தான்கா," என்றார். "நான்தான் அடிக்கச் சொன்னேன். பக்கத்துல நின்னு அடிக்கச் சொன்னேன்."

யாரும் அதிர்ச்சியடையவில்லை. நாலு பேரில் ஒருத்தி குனிந்து மூட்டையின் முடிச்சைத் தளர்த்த ஆரம்பித்தாள்.

"தெரியும் சார்," என்றாள் பெரியக்கா. "அடிச்ச மறுநாள் திங்கக்கிழமை காலையிலேயே பெயிண்டர் சொல்லிட்டார். 'நான் கேட்டேம்மா, அவர்தான் அடிங்கன்னார்'னு. வீட்டுக்கு வந்தப்ப சொல்லுவீங்கன்னு பார்த்தேன். வாசல் வரைக்கும் பார்த்தேன்."

"மன்னிச்சுக்கங்கக்கா."

"எங்களுக்குத்தான் தெரியுமே. தெரிஞ்சவங்ககிட்ட வந்து சொல்லி என்ன சார் ஆகப்போகுது? தெரியாதவங்க மாடியில இருக்காங்க." புதுக் கையுறை ஒன்றை எடுத்துக் காயம்பட்ட கையில் மெல்ல நுழைத்துக்கொண்டாள். "தள்ளி நில்லுங்க. வண்டி வருது."

அவர் மாடிக்குப் போனார். நிர்வாகியின் கதவு வரை போனார். உள்ளே அவர் தொலைபேசியில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடம் என்று விரலைக் காட்டினார். சதவீதம் சார் ஐந்து நிமிடம் நின்றார். ஆறாவது நிமிடம் தன் அறைக்குத் திரும்பிவிட்டார்.

பெரியக்காவின் மூன்றாம் மாத சோதனையிலும் ஒன்றும் இல்லை என்று வந்தது. அதை அவள் அவரிடம் சொல்லவில்லை. சோதனைக்கூடத்தில் விசாரித்துத் தெரிந்துகொண்டார். மருத்துவமனையில் இப்போது எல்லாப் பிரிவிலும் ஊசிப் பெட்டி இருக்கிறது, சலவைக் கூடத்துக்கு ஊசி வருவது அபூர்வம். திட்டத்தைப் பாராட்டி இயக்குநர்கள் எழுதிய கடிதத்தில் அவர் பெயர் இருந்தது. வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தார். மனைவி முழுவதும் படித்தாள்.

"அந்த வரிய எழுதினீங்களா?" என்றாள்.

"எழுதினேன்," என்றார். சற்றுப் பொறுத்து, "எடுத்துட்டேன்," என்றார்.

அவள் கடிதத்தை மடித்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.